பக்கத்துத் தோட்டத்து போர்

கேள்வி: பக்கத்துத் தோட்டக்காரர் ஆயிரம் அடிக்கு போர் போட்டதும் எங்கள் கிணறு வற்றிவிட்டது. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், ஜெயிப்பது கடினம். தன் நிலத்தடியில், தனி ஓடையாக இல்லாமல் பரவிக் கிடக்கும் நீரை நிலத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம். கமலை இறைத்த காலத்தில் அதனால் பெரிய கேடில்லை. இன்றோ, ஆழம் போகக் காசுள்ளவருக்கே தண்ணீர். தமிழகம் 2003-இல் நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றியது, 2013-இல் தானே ரத்து செய்தது. பிளாச்சிமடா குளிர்பான ஆலை வழக்கில், நிலத்தடி நீர் பொதுச்சொத்து என்று கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2003-இல் சொன்னார். 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. வக்கீலைப் பார்க்குமுன், அக்கம்பக்கத்துக் கிணற்றுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போய், பக்கத்துத் தோட்டக்காரரிடம் முறைத் தண்ணீர் பேசிப் பாருங்கள்.