புகையாத கரி எங்கே கிடைக்கும்?

இறைச்சி சுடப்போகிறோம் என்றால் எல்லோரும் இறைச்சியைப் பற்றித்தான் பேசுவார்கள். கோழியை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, தூளோடு தயிர் சேர்க்கலாமா, எந்தக் கடையில் கொழுப்பில்லாத மாட்டிறைச்சி கிடைக்கும் என்று ஒரு கிழமைக்குப் பேச்சு நடக்கும். கரியைப் பற்றிக் கேட்டால், "ஒரு பேக் வாங்கினாச் சரிதானே" என்று முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஒருமுறை கட்டிவைத்திருந்த யூரியா பேக்கை அவிழ்த்துப் பார்க்காமலே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மேலே இரண்டு சாண் ஆழத்துக்கு அழகழகான கட்டிகள். அதற்குக் கீழே தூளும் மணலும். அடியில் ஈரம். பன்னிரண்டு பேருக்கு ஊறவைத்த கோழி அன்றிரவு பத்து மணிக்குக் கேஸ் அடுப்பில்தான் பொரிந்தது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல கரி புகையாது. விறகையோ சிரட்டையையோ காற்றுக் குறைவாகக் கொடுத்துச் சுடும்போது, உள்ளே இருக்கும் நீரும் புகையும் தாரும் வெளியேறி, மிஞ்சுவதுதான் கரி. சுடுவது பாதியில் நின்றிருந்தால் நடுவில் பழுப்பு நிறம் தங்கிவிடும். அந்தப் பழுப்புத்தான் அடுப்பில் கண்ணை எரிக்கிறது, இறைச்சியில் கசப்பை ஏற்றுகிறது. அந்தக் கசப்பையே 'புகை வாசம்' என்று மெச்சிச் சாப்பிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வாசத்துக்கான புகையை நாம் தனியாகப் போட வேண்டும். கரியின் வேலை அனல் தருவது மட்டும்.

எதைச் சுடப்போகிறீர்கள்?

இறால், கொடுவா, சின்னத் துண்டாக வெட்டிய கோழி என்றால் சிரட்டைக்கரி போதும். மெல்லிய துண்டுகள், விரைவில் பற்றும், சூடு கூர்மையாக வரும், சாம்பல் மிகக் குறைவு. எங்கள் மட்டக்களப்பு எழுவான்கரையில் தேங்காய்ப்பால் இல்லாமல் ஒரு நாள் சமையல் நடக்காது, ஆகவே சிரட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாட்டில் நல்ல சிரட்டைக்கரிக்குப் போட்டி உண்டு. குருநாகல், புத்தளம், கம்பஹா என்ற தென்னை முக்கோணத்தின் கரியை வாங்கி, தண்ணீர் வடிகட்டவும் பொன் பிரித்தெடுக்கவும் உதவும் செயலூட்டிய கரியாக்கி ஏற்றுமதி செய்கிறார்கள். 1973இல் தொடங்கிய ஹேகார்ப் நிறுவனம் அந்தத் துறையில் உலகம் அறிந்த பெயர். அவர்கள் சிரட்டையைத் தேடுவதன் காரணம்தான் நமக்கும் உதவுகிறது: இறுக்கமான கரி, கொஞ்சச் சாம்பல்.

மாட்டிறைச்சியைப் பெரிய துண்டாக மூன்று நான்கு மணிநேரம் புகையில் வேகவிட நினைத்தால் விறகுக்கரி எடுங்கள். கைமுட்டி அளவுக் கட்டிகள் இடையில் காற்று விட்டு மெதுவாக எரியும். சிரட்டை மட்டும் என்றால் அடிக்கடி அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

என்ன மரம் என்று கேளுங்கள்

கெட்டி மரம்தான் நல்ல கரி. புளி, பாலை, வீரை, தோட்டத்தில் விழுந்த மரமுந்திரிகை எல்லாம் சரி. அரச காட்டுக்குள் போய்க் கரி சுடுவது குற்றம். ஆகவே வீட்டு வளவில் விழுந்த மரம், கிளை வெட்டிய தோட்டம் என்று வந்த வழி சொல்லக்கூடியவரிடம் வாங்குவது நல்லது.

'கண்டல் கரி' என்று யாராவது உயர்த்திச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கரி என்ற அளவில் அது கெட்டிதான், பொய்யில்லை. மலேசியாவின் கோலா செபெத்தாங்கில் கண்டல் மரத்தைச் சூளையில் சுட்டுக் கரியாக்குவது பெரிய தொழில். ஆனால் அங்கேயுள்ள மாத்தாங் கண்டல் காட்டைப் பகுதி பகுதியாக வெட்டி, மறுபடி நட்டு, ஏறத்தாழ முப்பது வருடம் வளரவிட்டுத்தான் அடுத்த வெட்டு. நம்முடைய வாவிக்கரையில் அப்படியொரு ஏற்பாடு இல்லை, வெட்டுவதும் சட்டவிரோதம். நாம் சுடுகிற இறாலும் நண்டும் குஞ்சாக ஒளிந்து வளர்வதே அந்த வேருக்குள்தான்.

தில்லை விஷயத்தில் இன்னும் கவனம். வாவியோரம் வளரும் அந்த மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, அதன் புகையும் கண்ணைப் பதம்பார்க்கும். அரளிக் கம்பில் இறைச்சி கோர்ப்பதும் கூடாது. பெயின்ட் அடித்த பலகை, பழைய மின்கம்பம், மருந்து ஏற்றிய மரம் எதுவும் அடுப்புப் பக்கம் வரக்கூடாது.

எங்கே விசாரிப்பது

கடைத்தெருவுக்குப் போகுமுன் கரியோடு வாழ்கிறவர்களைக் கேளுங்கள். இன்னும் கரிப்பெட்டியால் அயன் பண்ணும் லோண்டரி, நகைப்பட்டறை, கொல்லன் பட்டறை, காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் பின்னேரத்தில் கோழி சுடும் கடைகள். இவர்களுக்குக் கெட்ட கரி என்றால் அன்றைய உழைப்பு போச்சு. அப்படிக் காத்தான்குடியில் ஒருவரிடம், "காக்கா, கரி எங்க எடுக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் இடத்தைச் சொல்லுமுன் ஒரு கட்டியை எடுத்து இன்னொன்றில் தட்டிக் காட்டினார். கிண் என்றது. "இந்தச் சத்தம் வராட்டி நான் பேக்கைத் தொடமாட்டேன் தம்பி" என்றார்.

பேக்கரிப் போறணையிலிருந்தும் கரி வரும். மலிவு. ஆனால் தணலை இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றி அணைத்திருப்பார்கள். வாங்கினால் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் பரப்பிக் காயவைத்த பிறகே பாவிக்கலாம். நிறுத்து வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும்.

பேக்கை அவிழ்த்த பிறகு

கையை அடிவரை விடுங்கள், வெட்கப்பட வேண்டாம். தூள் அதிகமா, ஈரமா, மணலா என்பது கைக்குத் தெரியும். ஒரு கட்டியை எடுத்துத் தட்டுங்கள். மந்தமாக 'தொப்' என்றால் ஈரம் அல்லது அரைவேக்காடு. உடையுங்கள். உடைந்த முகம் கறுப்பாக, கண்ணாடிபோல் மினுங்க வேண்டும். நடுவில் மரநிறம் தெரிந்தால் தள்ளிவைக்க வேண்டியதுதான். பார்வைக்குப் பெரிதாக, கைக்கு இலேசாக இருந்தால் காய்ந்த கரி. மூக்கில் வைத்தால் எந்த வாசமும் வரக்கூடாது. மண்ணெண்ணெய் மணத்தால் அந்தப் பேக்கையே விட்டுவிடுங்கள். கடைக்காரர் விட்டால் ஒரு துண்டைப் பற்றவைத்தும் பார்க்கலாம். ஓயாமல் படபடவென்று வெடித்துப் பொறி பறந்தால் அதில் ஈரமோ மண்ணோ இருக்கிறது.

2022இல் கேஸ் தட்டுப்பாடு வந்தபோது எல்லோரும் கரிக்குத் திரும்பினோம். அப்போது வாங்கிய கரியில் பாதி விறகாகவே இருந்தது. அவசரத்தில் சூளையை வேளைக்கே திறந்துவிட்டிருப்பார்கள்.

வீட்டிலேயே சுட்டுக்கொள்ள

எனக்குப் பிடித்த வழி இதுதான். எண்ணெய் வாசம் போக நன்றாக எரித்துக் கழுவிய 200 லீட்டர் இரும்புப் பீப்பாய் ஒன்று, இறுகப் பொருந்தும் மூடி ஒன்று. சிரட்டையில் தும்பு சுரண்டி, தேங்காய்த் துண்டு ஒட்டாமல் பார்த்து, நன்றாகக் காயவையுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இரண்டு நாளே போதும். அதே காற்றில் பொறி பறந்து அயல் வேலியைப் பிடித்துவிடும் என்பதால் பீப்பாயை அதிகாலையில், காற்று எழும்புமுன் பற்றவைப்பேன். அடியில் கொஞ்சம் பற்றியதும் சிரட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். முதலில் கனத்த வெள்ளைப் புகை. அது மெலிந்து நீலமாகித் தெளியும்போது மூடி, விளிம்பெல்லாம் சேறு பூசி அடைத்துவிடுங்கள். மறுநாள் வரை திறக்கக்கூடாது. சுடச்சுடத் திறந்தால் காற்றுப் பட்டு முழுவதும் சாம்பலாகும். சிரட்டையின் எடையில் ஏறக்குறைய கால்பங்கு கரியாகக் கிடைக்கும். அதையும் ஒரு நாள் வெளியில் விட்டு, சூடு முற்றாக ஆறிய பின்தான் பேக்கில் கட்டி வீட்டுக்குள் வையுங்கள். புதுக்கரி தானாகப் பற்றிக்கொள்வதுண்டு.

வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் கரி காற்றிலுள்ள ஈரத்தையே குடிக்கும். ஐப்பசிக்கு முன் வாங்கி, பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, தரையில் படாமல் பலகைமேல் வைத்தால் தை வரை தாங்கும்.

அடுப்பில்

ஒரு கிலோ இறைச்சிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரி. மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், அந்த மணம் கடைசிவரை போகாது. அடியில் ஓட்டை போட்ட பெரிய தகர டின்னில் கரியை நிரப்பி, கீழே பத்திரிகைத் தாளைக் கொளுத்துங்கள். கால் மணிநேரத்தில் மேல்கரியும் வெள்ளைச் சாம்பல் பூக்கும். அதை அடுப்பில் கொட்டிய பிறகே இறைச்சி. மழை தூறினாலும் அடுப்பை வீட்டுக்குள் தூக்காதீர்கள். புகை தெரியாத கரியிலிருந்தும் கார்பன் மோனொக்சைட் வரும், அதற்கு நிறமுமில்லை வாசமுமில்லை.

இப்போதுதான் புகையின் முறை. தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, இறைச்சியை மறுபக்கம் வைத்து, காய்ந்த மரமுந்திரிகை அல்லது புளியங்கிளைத் துண்டு இரண்டைத் தணலில் போட்டு மூடுங்கள். பொச்சுமட்டையும் போடலாம், ஆனால் கைப்பிடிக்கு மேல் போட்டால் இறைச்சி கறுக்கும். எங்கள் பெரியம்மா வீட்டில் அடுப்புக்கு மேலே பரணில் காய்ந்த இறைச்சிக்கு அந்த மட்டைப் புகைதான் ஏறியது, அதை உரலில் இடித்துத்தான் கறி வைக்க முடியும்.

சாப்பிட்டு முடிந்ததும் தணலில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூடியைப் போட்டுக் காற்றோட்டத்தை அடைத்துவிட்டால் காலையில் பாதிக் கரி அப்படியே இருக்கும். அடுத்தமுறை முதலில் பற்றுவது அதுதான், டின்னின் அடியில் அதைப் போடுங்கள்.