சொல்லாமல் விட்டால் என்ன பொருள்? பைத்தானில் டீஃபால்ட் மதிப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஒரு ஃபங்ஷனை எழுதுகிறவர், பிற்காலத்தில் அதை அழைக்கப்போகிற மனிதரைப் பெரும்பாலும் காண்பதில்லை. ஆகையால் அம்மனிதர் சொல்லாமல் விட்டுவிடக்கூடிய விஷயங்களுக்கெல்லாம் இவர் முன்கூட்டியே ஒரு பொருள் நிச்சயித்து வைக்கவேண்டியிருக்கிறது. பைத்தான் மொழியில் அவ்வாறு நிச்சயித்து வைப்பதற்குப் பல வழிகள் உண்டு. அவற்றுள் எது எழுதுவதற்குச் சுருக்கமானதோ அதை எடுத்துக்கொள்வது பலருடைய பழக்கம். என் அபிப்பிராயத்தில், முதலில் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி வேறு: அழைப்பவர் ஓர் ஆர்கியூமென்ட்டைக் கொடாமல் இருந்தால் அவருடைய மௌனத்துக்கு என்ன அர்த்தம்? இதற்கு விடை தெளிவாகிவிட்டால், எந்த வழியைக் கைக்கொள்வது என்பது ஏறக்குறையத் தானே தீர்ந்துவிடும்.

மௌனத்தின் அர்த்தம் ‘வழக்கப்படி செய்க’ என்பதாக இருந்து, அந்த வழக்கமும் ஓர் எண்ணாகவோ, ஸ்டிரிங்காகவோ, மெய்-பொய் மதிப்பாகவோ அமைந்திருக்குமானால், அதை ஃபங்ஷனின் தலைப்பு வரியிலேயே எழுதிவிடுவதைக் காட்டிலும் சிறந்த மார்க்கம் இல்லை. ‘பிரிண்ட்’ ஃபங்ஷன் சொற்களுக்கிடையே ஓர் இடைவெளியும் முடிவில் ஒரு புதுவரியும் இடுவது இவ்வகையைச் சேர்ந்தது. தலைப்பு வரியைப் படிப்பவர் உள்ளே நுழைந்து பாராமலே வழக்கம் இன்னதென்று அறிந்துகொள்கிறார். அந்த வெளிப்படைத்தன்மையே இவ்வழியின் பெரிய அனுகூலம்.

ஆயினும் இதில் ஒரு நியமத்தை மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும். தலைப்பு வரியில் எழுதிய டீஃபால்ட் மதிப்பு, ஃபங்ஷன் அழைக்கப்படும் ஒவ்வொரு தடவையும் புதிதாக உண்டாவதில்லை. ‘டெஃப்’ என்று தொடங்கும் வாக்கியம் நிறைவேறுகிற அந்த ஒரு சமயத்தில் மட்டும் அது உண்டாக்கப்பட்டு, ஃபங்ஷனோடு சேர்த்து வைக்கப்பட்டுவிடுகிறது. எண்ணும் ஸ்டிரிங்கும் உண்டானபின் மாறாதவையாதலால் அவற்றில் இதனால் ஒரு தீங்கும் விளைவதில்லை. லிஸ்ட், டிக்‌ஷனரி, செட் முதலியவையோ உண்டானபின் மாற்றத்தக்கவை. ஒரு மாணவரின் பெயரை வருகைப் பட்டியலில் சேர்த்துத் திருப்பித் தரும் ஃபங்ஷனை எழுதி, பட்டியல் கொடுக்கப்படாவிட்டால் காலி லிஸ்ட் என்று தலைப்பு வரியில் குறித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். காலை வகுப்புக்காக அழைக்கும்போது கண்ணன் என்ற ஒரு பெயரோடு பட்டியல் வரும். மாலை வகுப்புக்காக மறுபடி அழைக்கும்போது, வள்ளியின் பெயரோடு, அந்த வகுப்பிலேயே சேராத கண்ணனின் பெயரும் அதில் நிற்கும். இரண்டு அழைப்புகளும் ஒரே லிஸ்ட்டைத்தான் கையாண்டன. காலையில் அதில் எழுதப்பட்டது மாலை வரைக்கும் அழியவில்லை. இந்த நியமத்தின் இன்னொரு விளைவு, அப்போதைய நேரத்தை டீஃபால்ட்டாக வைப்பவர்களுக்கு நேர்வது: ரசீதில் நேரம் பதிக்கும் ஃபங்ஷனின் தலைப்பு வரியில் கடிகாரத்தைக் கேட்டு எழுதிவிட்டால், நிரல் தொடங்கிய வேளையே அன்று முழுவதும் எல்லா ரசீதுகளிலும் பதிந்துகொண்டிருக்கும். 2018இல் 3.7ஆம் பதிப்போடு வந்த ‘டேட்டாகிளாஸ்’ வசதி, லிஸ்ட்டை நேராக டீஃபால்ட்டாகக் கொடுத்தால் ஏற்க மறுத்துப் பிழையென்று அறிவித்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் புது லிஸ்ட் உண்டாக்கும் ஃபங்ஷன் ஒன்றைக் கொடுக்கும்படி கேட்கிறது. அது நல்ல ஏற்பாடு.

ரூபியிலும், 2015ஆம் ஆண்டின் தரநிர்ணயத்துக்குப் பிந்திய ஜாவாஸ்கிரிப்டிலும் டீஃபால்ட் மதிப்பு அழைப்புதோறும் புதிதாகக் கணிக்கப்படுகிறது. அவ்வாறு பிந்திக் கணிக்கும் முறையைப் பைத்தானுக்கும் சேர்க்கலாமென்று 2021இல் ஒரு யோசனை முன்வைக்கப்பட்டும் அது மொழியில் இடம்பெறவில்லை. பைத்தானின் நியமத்தைக் குறையென்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஒரு ஃபங்ஷனை அழைக்காமலே அதன் டீஃபால்ட் மதிப்பை வெளியிலிருந்து எடுத்துப் பார்க்க இயல்வது இந்த நியமத்தினாலேதான்.

இனி, வழக்கமான மதிப்பு அழைக்கும் நேரத்தில்தான் நிர்ணயிக்கப்பட வேண்டியதாக இருந்தால், ‘நன்’ என்னும் வெற்று மதிப்பைத் தலைப்பு வரியில் வைத்துவிட்டு, உள்ளே முதல் வரியில் அதைச் சோதித்து உண்மையான மதிப்பை நிரப்பிக்கொள்வதே பொதுவாக வழங்கிவரும் முறை. முன் சொன்ன ‘பிரிண்ட்’ ஃபங்ஷன், எந்தக் கோப்பில் எழுதுவது என்று சொல்லப்படாவிட்டால், அந்த நேரத்தில் வெளியீட்டு வாயிலாக எது இருக்கிறதோ அதைத் தேடி எழுதுகிறது. இம்முறையைக் கைக்கொள்பவர்கள் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். கொடுக்கப்பட்டது ‘நன்’ தானா என்று நேரே சோதிக்காமல், சுருக்கத்தின் பொருட்டு ‘ஆர்’ என்னும் குறியால் ‘கொடுத்தது அல்லது 7’ என்பதுபோல எழுதுவது பலருக்குக் கைவந்த பிரயோகம். பைத்தான் 0, காலி ஸ்டிரிங், காலி லிஸ்ட் ஆகிய யாவற்றையும் பொய்யென்றே எண்ணுமாதலால், கடனுக்கு வட்டி கணிக்கும் ஃபங்ஷனில் இவ்வாறு எழுதினால், வட்டியில்லாக் கடன் என்று கருதி 0 கொடுத்தவருக்கும் 7 சதவிகித வட்டி ஏறிவிடும். பிழையொன்றும் அறிவிக்கப்படாது, கணக்கு மட்டும் தவறாக வரும். சோதனையை ஒரு வரி நீட்டி எழுதுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

ஆனால் ‘நன்’ என்பதே ஒரு பொருளுடைய விடையாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. அங்கே மேற்சொன்ன முறை போதாது. காபிக்கடையில் சர்க்கரை வேண்டாமென்று சொன்னவரும், சர்க்கரையைப் பற்றி ஒன்றுமே சொல்லாதவரும் ஒருவரல்லர். பின்னவருடைய காபியில் சர்க்கரை போட்டே வரும். பைத்தானின் ‘சாக்கெட்’ நூலகம் இந்த வேறுபாட்டைக் கருத்தோடு காத்திருக்கிறது: ஓர் இணைப்புக்குக் காலவரையறையாக ‘நன்’ கொடுத்தால் ‘வரையறையின்றிக் காத்திரு’ என்று பொருள், ஒன்றும் கொடாவிட்டால் ‘நிரல் முழுமைக்கும் பொதுவாக வைத்த வரையறையைக் கொள்’ என்று பொருள். இரண்டையும் பிரித்தறிவதற்காக, வேறெங்கும் வரமுடியாத பிரத்தியேகமான ஓர் அடையாளப் பொருள் அங்கே டீஃபால்ட்டாக வைக்கப்பட்டிருக்கிறது. டிக்‌ஷனரியின் ‘பாப்’ முறையிலும் இதே வேறுபாட்டைக் காணலாம்: இல்லாத சாவியைக் கேட்டு மாற்று மதிப்பொன்றும் கொடாமல் இருந்தால் பிழை எழும், மாற்று மதிப்பாக ‘நன்’ கொடுத்திருந்தால் ‘நன்’ அமைதியாகத் திரும்பும். நாமே இத்தகைய அடையாளம் செய்துகொள்வது ஒரே வரி வேலைதான். தலைப்பு வரியைப் படிப்பவருக்கு அதன் பொருள் விளங்காது என்பதொன்றே அதன் பிரதிகூலம். ஆகையால், ‘நன்’ என்பதை யாரேனும் மனமறிந்து கொடுக்கக்கூடுமா என்று யோசித்து, கூடும் என்று விடை வந்தால் மட்டும் இதை நாடுவது விவேகம்.

எந்த மதிப்பை வைப்பது என்பதைப் போலவே, அழைப்பவர் அதை எவ்வாறு சொல்லவேண்டும் என்பதும் நம் கையில் இருக்கிறது. அனுபவசாலிகள்கூட இதைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் குறை. 2008இல் வந்த 3.0ஆம் பதிப்பிலிருந்து, தலைப்பு வரியில் ஒரு நட்சத்திரக் குறியை இட்டுவிட்டால், அதற்குப் பின் வரும் ஆர்கியூமென்ட்கள் யாவும் பெயர் சொல்லியே கொடுக்கப்பட வேண்டும். வரிசைப்படுத்தும் ‘சார்டெட்’ ஃபங்ஷனில் இறங்குவரிசை வேண்டுமென்பவர் ‘ரிவர்ஸ்’ என்ற பெயரோடு ‘ட்ரூ’ என்று எழுதியாக வேண்டும்; வெறும் ‘ட்ரூ’வை இரண்டாவது ஸ்தானத்தில் வைத்தால் ‘டைப்-எர்ரர்’ எழும். இது கெடுபிடியாகத் தோன்றினும், ஆறு மாதம் கழித்து அந்த வரியைப் படிப்பவருக்குச் செய்யும் பேருபகாரம். ‘ட்ரூ, ஃபால்ஸ், ட்ரூ’ என்று மூன்று மதிப்புகள் பெயரின்றி நிற்கும் அழைப்பைப் படித்துப் பொருள்காண வல்லவர் எவருமில்லை. விருப்பமான ஆர்கியூமென்ட் ஒன்றுக்கு மேற்பட்டால், அல்லது ஒன்றேயாயினும் அது மெய்-பொய் மதிப்பாக இருந்தால், அதைக் கீவேர்டாக மட்டும் அமைத்துவிடுவதை நான் ஒரு விதியாகவே பரிந்துரைப்பேன். பின்னால் புதிய விருப்பங்களைச் சேர்க்கவும், வரிசையை மாற்றவும் இதனால் சுதந்திரம் கிடைக்கிறது. இதற்கு நேர்மாறாக, பெயரால் கொடுக்கவே கூடாதென்று தடுக்கும் சாய்கோடு 2019இல் 3.8ஆம் பதிப்பில் வந்தது. பெயரைப் பிற்காலத்தில் மாற்றிக்கொள்ள விரும்பும் நூலக ஆசிரியர்களுக்கு அது உதவும், மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படாது.

எது வந்தாலும் வாரிக்கொள்ளும் இரட்டை நட்சத்திர முறையை, வேறொரு ஃபங்ஷனுக்கு ஆர்கியூமென்ட்களை அப்படியே கடத்திவிடும் சந்தர்ப்பம் தவிர வேறெங்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்; பெயரை எழுத்துப்பிழையோடு கொடுத்தாலும் அது பேசாமல் விழுங்கிவிடும். விருப்பங்கள் எட்டு பத்தாகப் பெருகிவிட்டால் அவற்றை ஒரு டேட்டாகிளாஸில் தொகுத்து ஒரே ஆர்கியூமென்ட்டாக வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, டீஃபால்ட்டே வைக்காமல் இருப்பதும் ஒரு வழி என்பதை மறக்கலாகாது. அழைப்பவருடைய மௌனத்துக்கு நியாயமான அர்த்தம் ஒன்றும் கற்பிக்க இயலாதபோது அவரைச் சொல்லும்படி வற்புறுத்துவதே மரியாதை. அவ்வாறு செய்யாமல் டீஃபால்ட் மதிப்பைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்வது ஆபத்தானது. பைத்தானில் கோப்பைத் திறக்கும் ‘ஓப்பன்’ ஃபங்ஷன், எழுத்துக் குறியீடு இன்னதென்று சொல்லப்படாவிட்டால், அந்தக் கணினியின் அமைப்பில் உள்ளதையே எடுத்துக்கொண்டு வந்தது. லினக்ஸில் அது பெரும்பாலும் யூடிஎஃப்-8, பல விண்டோஸ் கணினிகளிலோ 1252 என்னும் பழைய பட்டியல். தமிழ் எழுதுகிற நமக்கு இதன் விபரீதம் உடனே விளங்கும். யூடிஎஃப்-8இல் நமது புள்ளி 224, 175, 141 என்ற மூன்று பைட்டுகளாகவும், உகரக் குறி 224, 175, 129 என்பவையாகவும் எழுதப்படுகின்றன. 1252 பட்டியலில் 141க்கும் 129க்கும் எழுத்தே கிடையாது. ஆகவே ஒரு கணினியில் நன்றாக ஓடிய நிரல், மற்றொன்றில் முதல் மெய்யெழுத்தையோ முதல் உகரத்தையோ கண்ட இடத்தில் பிழையென்று நின்றுவிடுகிறது. குறியீடு சொல்லப்படாத இடங்களைச் சுட்டிக்காட்டும் எச்சரிக்கை ஒன்று, வேண்டுவோர் இயக்கிக்கொள்ளும்படி, 2021இல் 3.10ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது, 3.15ஆம் பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8ஐயே டீஃபால்ட்டாகக் கொள்வதென்றும் 2022இல் ஏற்கப்பட்டது. ஒரு டீஃபால்ட்டை நம்பி ஏராளமான நிரல்கள் எழுதப்பட்டுவிட்டபின் அதை மாற்றுவதற்கு இத்தனை ஆண்டுகளும் இத்தனை முன்னறிவிப்பும் வேண்டியிருக்கின்றன. பழைய பதிப்புகள் இன்னும் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருக்குமாதலால், தமிழ்க் கோப்புகளைத் திறக்குமிடமெல்லாம் குறியீட்டைப் பெயர் சொல்லி எழுதிவிடுவதே நலம். கோப்பைப் படிக்கும் ஃபங்ஷனைத் தாமே எழுதுகிறவர்கள், யூடிஎஃப்-8 என்பதைத் தலைப்பு வரியிலேயே டீஃபால்ட்டாக வைத்து, அந்த ஆர்கியூமென்ட்டைக் கீவேர்டாக மட்டும் அமைத்துவிட்டால், யூடிஎஃப்-16இல் கோப்பு வைத்திருப்பவரும் அதே ஃபங்ஷனைத் தடையின்றிப் பயன்படுத்திக்கொள்வார்.