சர்க்கரை இல்லாத இனிப்பும் சர்க்கரை வியாதியும்

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகள் நான் சமையலறையில் செய்த பத்தியம் ஒன்றே ஒன்றுதான்: சர்க்கரை டப்பாவை உயரத்து அலமாரியில் ஏற்றி வைத்தேன். இனிப்பு இல்லாதது எதுவானாலும் தின்னலாம் என்பது எங்கள் கணக்கு.

அந்தக் கணக்கு ஓர் ஆஷாட ஏகாதசியன்று பொய்த்தது. பக்கத்து வீட்டுக் காகூ ஒரு தட்டு ஜவ்வரிசிக் கிச்சடி கொண்டு வந்தார். விரதச் சாப்பாடுதானே, இனிப்பும் இல்லையே என்று இவர் தட்டைக் காலி செய்தார். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தைச் சோதித்தால் 260!

ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து வருவது. நார், புரதம் எல்லாம் போய் மாவுச்சத்து மட்டும் மிஞ்சிய பண்டம். 100 கிராம் உலர்ந்த ஜவ்வரிசியில் சுமார் 88 கிராம் மாவுச்சத்து. புரதம் ஒரு கிராம் கூட இல்லை. மகாராஷ்டிர விரதச் சமையலுக்கு ஜவ்வரிசி பெருமளவு சேலம் வட்டாரத்திலிருந்துதான் வருகிறது. நம் ஊர்ச் சரக்கே நம்மை ஏமாற்றிவிட்டது! மாவுச்சத்து செரித்தால் குளுக்கோஸ்தான். நாக்குக்கு இனிக்காதது ரத்தத்தில் இனிக்கும்.

ஆகவே கடையில் பாக்கெட் வாங்கும்போது முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் உள்ள ‘சுகர் ஃப்ரீ’யைப் பார்த்து மயங்காதீர்கள். பின்பக்கம் திருப்பி ‘கார்போஹைட்ரேட்’ என்ற வரியைத் தேடுங்கள். சர்க்கரை சேர்க்காத பிஸ்கட்டிலும் பெரும்பாலும் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கும், மைதா மைதாதானே. தேநீருடன் ஆறு பிஸ்கட் என்பது எங்கள் வீட்டு வழக்கம். இப்போது இரண்டு.

புனே மிட்டாய்க் கடைகளில் ‘சர்க்கரை சேர்க்காத’ பேரீச்சை, அத்திப்பழ பர்ஃபி அழகாக அடுக்கியிருக்கும். சர்க்கரை சேர்க்கவில்லை என்பது உண்மையே. ஆனால் உலர்ந்த பேரீச்சையில் பாதிக்கு மேல் இயற்கைச் சர்க்கரை. ஊரிலிருந்து வரும் கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாம் இதே கதைதான். “கருப்பட்டிக் காபி ஒன்றும் செய்யாதுடி” என்று என் மாமியார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வெல்லமும் சர்க்கரையைப் போலவே கிராமுக்குச் சுமார் 4 கலோரி. ரத்தச் சர்க்கரையையும் அதே போல ஏற்றும்.

மாற்று இனிப்புகளைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். சாக்கரின், ஆஸ்பர்டேம், சுக்ரலோஸ், ஸ்டீவியா இவைதான் இங்கே சாதாரணமாகக் கிடைப்பவை. இவை தம்மளவில் ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. ஆஸ்பர்டேம் அதிகச் சூட்டில் இனிப்பை இழந்துவிடும். பாயசத்தோடு கொதிக்கவிட்டால் வீண், இறக்கியபின் கலக்க வேண்டும். சுக்ரலோஸ் சமையல் சூட்டை ஓரளவு தாங்கும். 2023இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வுக் கிளை ஆஸ்பர்டேமை ‘புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியது’ என்ற வகையில் சேர்த்ததும் பலர் பயந்துவிட்டார்கள். ஆனால் அதே சமயம் நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பு மாற்றப்படவில்லை. காபியில் ஒரு மாத்திரை போடுகிறவர் அந்த வரம்பின் அருகில்கூடப் போகமாட்டார். சாக்லேட்டுகளில் வரும் மால்டிடால் வேறு இனம். அதில் கலோரியும் உண்டு, ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும், அதிகம் தின்றால் வயிற்றுப்போக்கும் உண்டு.

“நான் ஒல்லிதானே, எனக்கென்ன?” என்பவர்களுக்கு நம் புனேயிலிருந்தே பதில் இருக்கிறது. கே.ஈ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கினுடன் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவர் படத்தையே வெளியிட்டார். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 22.3 தான். உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2! பார்வைக்கு ஒல்லியாக இருக்கும் நம்மவர்களுக்கு உள்ளே கொழுப்பு மறைந்திருக்கலாம்.

பின் என்னதான் தின்பது? மட்கி உசலைச் சொல்வேன். மட்கி வேறொன்றுமில்லை, நம் நரிப்பயறுதான். முளைகட்டி, வேகவைத்து, தாளித்தால் நம் சுண்டலே. மிசல் கடையில் போல மேலே சேவைத் தூவாதவரை சரி. ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, வெள்ளரிக்காய்க் கோஷிம்பீர், உப்புப் போட்ட மோர் இவையும் மாலைப் பசிக்குப் போதும். கடலையிலும் கலோரி உண்டு. கைப்பிடி என்றால் கைப்பிடிதான். பாகர்வடி ஒன்றிரண்டு, விருந்தாளி வந்த அன்று.

இன்னும் ஒன்று, இதுதான் முக்கியம். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சில நேரம் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடும். ஒரு விழாவில் சாப்பாடு தாமதமாகி இவருக்கு வியர்த்து, கை நடுங்கியது. பக்கத்தில் இருந்த ஒருவர் நல்லெண்ணத்தோடு, இவருக்குச் சர்க்கரை வியாதி ஆயிற்றே என்று, சுகர் ஃப்ரீ மாத்திரை போட்ட தேநீரை நீட்டினார். அந்த நேரத்தில் அது வெந்நீருக்குச் சமம். வேண்டியது அசல் சர்க்கரை, மூன்று தேக்கரண்டி, அதாவது 15 கிராம், தண்ணீரில் கரைத்து. அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு குளுக்கோஸ் பொடியே வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை. சாக்லேட் கூடாது, அதன் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

உயரத்து அலமாரிக்குப் போன அந்தச் சர்க்கரை டப்பாவை அன்று இரவே கீழே இறக்கிவிட்டேன். இப்போது அவர் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது.