கெளிற்றின் நோன்பு

தொல்காப்பிய மரபியலைப் பாடங்கேட்ட நாளில், ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் ஆசிரியர் வகுத்துச் செல்லும் முறைமை எம்மை வியப்பித்தது. களிறும் பிடியும், கலையும் பிணையும், சேவலும் பெடையும் என நிலத்து வாழ்வனவற்றிற்குப் பெயர்கள் இணையிணையாய் வருகின்றன. கடலுட் புகுங்கால் கணக்குச் சுருங்கிவிடுகின்றது. சுறவிற்கு ஏறு என்பதும், நந்திற்கு நாகு என்பதும், நீர்வாழ் சாதிக்குப் பொதுவாகப் போத்து என்பதும் உரியவாகின்றன, அவ்வளவே. நீருள் மறைந்து வாழும் மீனை, ஆண் இது, பெண் இது எனக் கண்ணாற் பிரித்தறிதல் அரிதாகலின் இஃது இயல்பே. ஆயினும் புறத்தே தோன்றாத அவ்வேறுபாடு, உண்ணும் உணவிலும் மகப்பேற்றின் பொறையிலும் எத்துணைப் பெரிது என்பதனை யாம் ஒரு கெளிற்றினிடம் கற்றோம்.

சென்ற விடுமுறையில் தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு கடற்கரையூரில் உறவினர் இல்லத்திற் றங்கியிருந்தோம். செய்யுளிற் கெளிறு என்றும் உலக வழக்கிற் கெளுத்தி என்றும் வழங்கும் மீன் ஒரு காலை கரைக்கு வந்தது. மீன் விற்கும் மூதாட்டியொருவர் அதன் வாயைத் திறந்தார். திறந்தவுடன் நாவற்பழம் போன்ற பருமனுடைய முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக மணலில் உருண்டன. "தன் முட்டையைத் தானே விழுங்கும் பேராசைக்காரி!" என்றோம், எமது கல்வியின் செருக்கால். அம்மூதாட்டியார் நகைத்து, "தின்னவில்லை தம்பி, அடைகாக்கிறது. அதுவும் பெண் இல்லை, ஆண்" என்றார். ஒரே சொல்லில் இரண்டு பிழை செய்திருந்தோம். நாணினோம், கல்லூரி திரும்பியதும் விலங்குநூல் பயிலும் நண்பர்பாற் சென்று வினவியும், நூல்களைப் புரட்டியும் இதனை ஆராயலுற்றோம்.

கடற்கெளிற்றுக் குடும்பத்திற் பெண்மீன் ஈனும் முட்டை மிகப் பெரிது. ஒரு சென்றிமீற்றர் குறுக்களவும் அதற்கு மேலும் உடையது. எலும்புமீன்களின் முட்டைகளுள் இதனினும் பெரியன மிகச் சிலவே. எண்ணிக்கையோ சிறிது. மத்தி போன்ற மீன்கள் ஆயிரமாயிரமாக நுண்முட்டைகளை நீரிற் சொரிந்துவிட்டு அவற்றை மறந்து போகும். கெளிறு சில பத்து முட்டைகளையே ஈனும். ஒவ்வொன்றிலும் குஞ்சிற்கு வேண்டிய மஞ்சட்கருவை நிறைத்தற்குப் பெண் நெடுநாள் உண்டு, உண்டதனையெல்லாம் சூலகத்திற் சேர்த்தல் வேண்டும். ஆணின் விந்தகமோ சிறியது. அவ்வளவிற் பார்த்தால் அதற்குச் செலவே இல்லை எனலாம்.

செலவு பின்னர் வருகின்றது. கருவுற்ற முட்டைகளை ஆண் தன் வாயில் ஏற்றுக்கொள்கின்றது. அன்று தொட்டு அவ்வாய் உண்ணும் வாயன்று, தொட்டிலாகும். மூச்சின் பொருட்டு வாய்வழிப் புகுந்து செவுள்வழிச் செல்லும் நீரே முட்டைகளுக்கும் உயிர்வளி ஊட்டுகின்றது. முட்டை பொரிந்த பின்னரும், வயிற்றில் ஒட்டிய கருப்பை வற்றுமளவும் குஞ்சுகள் அங்கேயே வாழ்கின்றன. இவ்வாறு ஏறத்தாழ 2 திங்கள் கழியும். அக்காலத்துப் பிடிபட்ட ஆண்மீன்களை அறுத்துப் பார்த்தோர் இரைப்பை வெறுமையாயிருத்தலைக் கண்டனர். முன்னர்ச் சேர்த்த கொழுப்பே அதற்கு உணவு; அது கரையக் கரைய உடல் மெலியும். அதே காலத்துப் பெண்மீன் தடையின்றி இரைதேடி, இழந்ததை ஈட்டிக் கொண்டிருக்கும்.

இப்பொறை ஆணின்மேல் வந்தது ஏன்? பெண் முட்டையிற் செலவிட்டது மிகுதி; அடைகாத்தலையும் அதுவே பூண்டு பட்டினி கிடப்பின், அடுத்த ஈற்றிற்கு மஞ்சட்கரு சேர்த்தல் நெடிது தாழ்க்கும் என்பது ஒரு விடை. எமக்கு இவ்விடை பொருத்தமாகவே தோன்றுகின்றது. ஆயினும் எல்லா மீனும் இவ்வழி செல்வதில்லை. கடற்குதிரையின் ஆணும் பெண் இட்ட முட்டையைச் சுமப்பதே. ஆனால் அதன் பை வயிற்றின்கீழ் அமைந்திருத்தலின் வாய்க்கு விடுதலை உண்டு. இரைப்பையே இல்லாத அம்மீன் அடிக்கடி உண்டாக வேண்டியதாகலின், கெளிற்றின் நோன்பு அதற்கு ஆகாது. கொடுவாயோ பிறிதொரு வழி கண்டது: இளமையில் ஆணாய்ச் சில ஆண்டு வாழ்ந்து, உடல் பெருத்தபின் பெண்ணாகின்றது. விந்தினை ஆக்கச் சிற்றுடல் போதும். பல இலட்சம் முட்டைகளை ஆக்கப் பேருடல் வேண்டும். களவாய் இதற்கு மாறாய், முதலிற் பெண்ணாயிருந்து பின் ஆணாகும். மரபியலார் இவற்றைக் கண்டிருப்பின் எப்பெயர் சூட்டியிருப்பரோ அறியோம்!

இனி, மணலில் உருண்ட அம்முட்டைகட்கு வருவோம். சில முட்டையே ஈன்று, அவற்றை ஓருயிரின் வாயிலே வைத்திருக்கும் முறை, பகைமீன்களினின்று காத்தற்கு மிக நன்று; வலைக்கு முன் மிக இழிந்தது. அடைகாக்கும் ஓர் ஆணைப் பிடித்தால் ஒரு குடும்பமே அழியும். இது வெறுங் கற்பனையன்று. 1970-களின் பிற்பகுதியிற் கன்னட நாட்டுக் கரையிற் சுருக்குமடி வலைகள் பெருகின. திரளாகக் கூடிய கெளிற்றுக் கூட்டங்கள் வளைக்கப்பட்டன. வாயில் முட்டையும் குஞ்சும் தாங்கிய ஆண்மீன்கள் பெருந்தொகையாய் அகப்பட்டதனை, 1947-இல் நிறுவப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அப்பொழுதே எடுத்துரைத்து எச்சரித்தனர். பின் வந்த ஆண்டுகளில் அக்கரையிற் கெளிற்றின் வரவு பெரிதும் குன்றிற்று. மத்தி குன்றினால் ஓரிரு நல்ல பருவங்களில் மீண்டும் பெருகுதல் கூடும்; சில பத்து முட்டையே ஈனும் மீனுக்கு அவ்விரைவு இல்லை.

அகப்பட்ட ஆண்மீனை உயிரோடு கடலில் விட்டுவிடின் ஆகாதோ என அம்மூதாட்டியாரிடம் பிறிதொரு நாட் கேட்டோம். "வலையில் பட்டதுமே துள்ளித் துள்ளி முட்டையைக் கக்கிவிடும், தம்பி. வெறும் வாயோடு விட்டு என்ன பயன்?" என்றார். நூல்களும் அவ்வாறே கூறுகின்றன. ஆகவே பிடித்தபின் இரங்குதலால் ஆவதொன்றில்லை. அடைகாக்கும் பருவம் இன்னதென ஒவ்வொரு கரைக்கும் வரையறுத்து, அப்பருவத்தில் அக்கூட்டங்களின்மேல் வலை வளையாதிருத்தலே செய்யத்தக்கது.