த்ரீ பேஸ் வீட்டுக்கு எந்த ட்ரிப் சுவிட்ச்?

குளிரூட்டி, சுடுநீர் ஹீட்டர், தண்ணீர் மோட்டர் என்று சாமான்கள் கூடக்கூட, சிங்கிள் பேஸ் போதாமல் பலரும் த்ரீ பேஸ் இணைப்பு எடுக்கின்றனர். வயரிங் எல்லாம் முடிந்த பிறகுதான் ட்ரிப் சுவிட்ச் தேடிக் கடைக்கு வருகின்றனர். "மெயினுக்கு ஒன்று தாங்க, பெரிய அம்பியரில் தாங்க" என்பதே வழமையான கேள்வி. இந்த ஒரு வசனத்துக்குள் இரண்டு தவறுகள் இருக்கின்றன.

முதலில் ட்ரிப் சுவிட்சின் வேலையைப் பார்ப்போம். இரவில் நாம் கல்லாவை எண்ணி, விற்பனையும் பணமும் சரியா என்று பார்ப்பதைப் போன்றதுதான் அது. வீட்டுக்குள் போன கரண்ட் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால், எங்கோ நிலத்துக்குக் கசிகிறது என்று அர்த்தம். ஈரச் சுவர் வழியாகவும் கசியலாம், ஒரு பிள்ளையின் உடம்பு வழியாகவும் கசியலாம். உடனே மின்னைத் துண்டித்துவிடும்.

இனி, பெரிய அம்பியர் என்ற விடயம். சுவிட்சில் இரண்டு இலக்கங்கள் இருக்கும். 40 அம்பியர், 63 அம்பியர் என்பது அது தாங்கும் சுமை. 30 அம்பியர் த்ரீ பேஸ் இணைப்புள்ள வீட்டுக்கு 40 அம்பியர் போதும். உயிரைக் காப்பது மற்ற இலக்கம்: 30 மில்லி அம்பியர். கசிவு 15க்கும் 30க்கும் இடையில் வரும்போதே இந்தச் சுவிட்ச் விழும். 30 மில்லி அம்பியர் கசிந்தால் 0.3 செக்கனுக்குள் விழ வேண்டும் என்பது விதி. 100, 300 மில்லி அம்பியர் சுவிட்சுகள் தீ விபத்தைத் தடுக்க உதவும். ஆளைக் காப்பாற்ற அவற்றை நம்பக் கூடாது.

அடுத்தது, மெயினுக்கு ஒன்று என்ற விடயம். கம்பியூட்டர், வொஷிங் மெஷின் போன்றவற்றில் பழுது இல்லாமலே சிறு கசிவு இருக்கும். அவை எல்லாம் ஒரே சுவிட்சில் கூடும். வீடு முழுவதற்கும் ஒரே நான்கு முனை 30 மில்லி அம்பியர் சுவிட்ச் போட்டால், மழைக்கு முற்றத்து பல்புக்குள் தண்ணீர் இறங்கினாலும் முழு வீடும் இருண்டுவிடும். மீன் வைத்த பிரீஸரும் நின்றுவிடும். நான்கு தடவை இப்படி நடந்தால் வீட்டுக்காரர் சலித்துப்போய், "டிரெக்டா கொடுத்து விடுங்க" என்று வயரிங் பாஸிடம் சொல்லிவிடுகிறார். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. சுவிட்ச் பெட்டியில் இருக்கும், பாதுகாப்பு இருக்காது.

சரியான ஏற்பாடு இதுதான். மெயினில் நான்கு முனை, 100 அல்லது 300 மில்லி அம்பியர், 'எஸ்' குறியிட்ட சுவிட்ச் ஒன்று. 'எஸ்' என்பது சற்றுத் தாமதித்து விழும் வகை. அதற்குக் கீழே ஒவ்வொரு பேஸுக்கும் இரண்டு முனை, 40 அம்பியர், 30 மில்லி அம்பியர் சுவிட்ச் ஒவ்வொன்று. முற்றத்து விளக்குக்கும் மோட்டருக்கும் வேறாக ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. த்ரீ பேஸ் மோட்டர் இருந்தால் அதற்குத் தனியாக நான்கு முனை 30 மில்லி அம்பியர் தேவை. இப்படிச் செய்தால் கசிவுள்ள பகுதி மட்டும் நிற்கும், மற்ற அறைகளில் வெளிச்சம் இருக்கும். மெயினிலும் சாதாரண சுவிட்ச் போட்டால் எது முதலில் விழும் என்று சொல்ல முடியாது.

பாஸிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது: ஒவ்வொரு சுவிட்சின் நியூட்ரலும் தனித்தனி பாரில் இருக்க வேண்டும். ஒன்றோடொன்று கலந்தால் பல்பைப் போட்டதும் சுவிட்ச் விழும். பிறகு "சாமான் பழுது" என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுவருவார்கள்.

வகையையும் பார்த்து வாங்குங்கள். 'ஏசி' வகை பழைய பாணிச் சாமான்களுக்குச் சரி. இன்வேட்டர் குளிரூட்டி, இன்வேட்டர் குளிர்சாதனப் பெட்டி, கம்பியூட்டர் உள்ள வீட்டுக்கு 'ஏ' வகையே பொருத்தம். கூரையில் சோலர், வாசலில் மின்சாரக் கார் என்றால் அவற்றோடு வரும் கைநூலைப் பாருங்கள். சிலவற்றுக்கு 'பி' வகை கேட்டிருப்பார்கள்.

ட்ரிப் சுவிட்ச் எல்லாவற்றையும் காக்காது. சுமை கூடினாலோ ஷோர்ட் ஆனாலோ மின்னைத் துண்டிப்பது எம்.சி.பி.யின் வேலை. ஒரு கை பேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் ட்ரிப் சுவிட்சுக்கு அது தெரியாது. மெயின் நியூட்ரல் கழன்றால் சில அறைகளில் மின்னழுத்தம் 230இலிருந்து 400 வோல்ட் பக்கம் ஏறிச் சாமான்கள் எரியலாம். அதற்கு வேறு பாதுகாப்புக் கருவி வேண்டும். ஏர்த் கம்பியும் கட்டாயம். ஏர்த் இருந்தால் பழுதான சாமானை இணைத்ததுமே சுவிட்ச் விழும். இல்லாவிட்டால் ஆள் தொட்ட பிறகுதான் விழும்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது 'டி' பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். விழுந்துகொண்டே இருந்தால் கசிவைத் தேடச் சொல்லுங்கள், சுவிட்சைக் கழற்றச் சொல்லாதீர்கள். ஒன்றுக்குப் பதில் நான்கு சுவிட்ச் வாங்கும் செலவு, ஒரு நடுத்தரக் குளிரூட்டியின் விலைக்குக் கிட்டவும் வராது. சுவர் பூசும் முன்பே பாஸுடன் உட்கார்ந்து, எந்த அறை எந்தச் சுவிட்சில் என்று ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளைப் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள்.