நீங்கள் கிளம்பிய மறுநாள்

தெருப் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுக்க வெளிநாடு போகப் போகிறேன் என்று யார் வந்து யோசனை கேட்டாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: நீங்கள் ஊர் திரும்பிய மறுநாள் அந்த வகுப்பை யார் எடுப்பார்கள்? இதற்குப் பதில் இருந்தால் மற்றதெல்லாம் பேசிக்கொள்ளலாம். பதில் இல்லையென்றால் அந்தப் பயணம் பிள்ளைகளுக்கானது அல்ல, போகிறவருக்கானது.

நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை. நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில், தெருவில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கான பகல்நேர மையம் ஒன்றில் இருந்துவிட்டு வந்தேன். அங்கே கண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடம் தேர்வு. கம்போடியாவில் அநாதை இல்லங்களுக்குப் போய்ப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு வருவதைச் சுற்றுலாப் பயணிகள் ஒரு காலத்தில் புண்ணியமாக நினைத்தார்கள். 2005-க்கும் 2010-க்கும் இடையில் அந்த இல்லங்கள் மளமளவென்று பெருகின. 2011-இல் யூனிசெஃப் துணையோடு வெளியான ஆய்வைப் படித்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ, யாராவது ஒருவர் உயிரோடு இருந்தார்கள். பார்க்க வருகிறவர்களின் பணம் இருந்ததால் இல்லங்கள் பெருகின. இல்லங்கள் இருந்ததால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். அதே ஆண்டில் ‘பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல’ என்ற பிரசாரத்தை ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு தொடங்கியது. ஆகவே இல்லங்களை விட்டுவிடுங்கள். பிள்ளை ராத்திரி தன் குடும்பத்தோடு படுத்துக்கொள்ள, பகலில் சாப்பாடு, குளியல், படிப்பு, மருத்துவம் என்று கைகொடுக்கும் மையங்களைத் தேடுங்கள்.

நல்ல மையம் எது என்பதை ஒரு விஷயத்திலேயே கண்டுகொள்ளலாம். அது உங்களைச் சுலபத்தில் உள்ளே விடாது. போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ் கேட்கும். நம் பாஸ்போர்ட் அலுவலகத்தில் விண்ணப்பித்தால் கிடைக்கும். கிளம்புவதற்கு வெகுநாள் முன்பே வாங்கி வையுங்கள். குழந்தைப் பாதுகாப்பு விதிகளைப் படித்துக் கையெழுத்துப் போடச் சொல்லும். எந்தப் பிள்ளையோடும் நீங்கள் தனியறையில் இருக்க விடாது. இது எதையும் கேட்காமல், பணம் கட்டினால் போதும், நாளையே வாருங்கள் என்று சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள். இன்னொன்று, சுற்றுலா விசாவில் போய்த் தொண்டு செய்யக் கூடாது. கம்போடியாவில் அதற்கு ‘ஈ’ வகை விசா வேண்டும். வேலை அனுமதி பற்றியும் மையத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருப் பிள்ளை என்றதும் ஆளற்ற குழந்தை என்று மனசு நினைத்துவிடுகிறது. நான் பார்த்த பலருக்கு அம்மா இருந்தாள், பாட்டி இருந்தாள். கிராமத்தில் கடன் தாங்காமல் நகரத்துக்கு வந்து, ஒரு தள்ளுவண்டியைச் சுற்றியே வாழும் குடும்பங்கள். கடைகள் குப்பையை வெளியே வைக்கும் சாயங்கால நேரத்தில் பிள்ளைகள் சாக்கோடு கிளம்புவார்கள். டப்பா, பிளாஸ்டிக் பாட்டில், அட்டை. சிலர் சிசோவத் ஆற்றங்கரையில் பூ விற்பார்கள். காலையில் தூங்கி விழுகிற பிள்ளையிடம் க்ரேயானைக் கொடுத்து என்ன பயன்? எங்கள் வகுப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். யாரும் எப்போதும் வரலாம், நடுவில் எழுந்து போகலாம். எடுத்த வேலை அன்றைக்கே முடிந்துவிட வேண்டும். “மீதியை நாளைக்கு” என்ற பேச்சே கூடாது, நாளைக்கு அந்தப் பிள்ளை எந்தத் தெருவில் இருக்குமோ. தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் பல பெண் குழந்தைகள் வரும். அந்தச் சின்னதுகளுக்கும் ஒரு தாள், ஒரு தடித்த க்ரேயான் தயாராக இருந்தால்தான் அக்கா நிம்மதியாக வரைவாள்.

பொருள்கள் விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் மாதிரி நெடியடிக்கும் பசை, வொயிட்னர், பெர்மனென்ட் மார்க்கர், தின்னர் எதுவும் வகுப்புக்குள் வரவே கூடாது. பசியை மறக்கப் பசையை முகர்ந்து பழகிய பிள்ளைகள் இருக்கும் இடம் அது. அரிசிக் கஞ்சியை இறுகக் காய்ச்சினால் நல்ல பசை, காசும் மிச்சம். ஷார்ப்னரில் பிளேடு இருக்கிறது. பென்சில்களை நாமே சீவி வைத்துவிட வேண்டும். கத்தரிக்கோல் முனை மழுங்கியதாக இருக்கட்டும், கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எண்ணுங்கள். பிள்ளைகள் மீது சந்தேகம் என்பதற்காக அல்ல. வெளியே போய் ஒரு சண்டையில் அது கைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக.

இங்கிருந்து பெட்டி பெட்டியாகச் சாமான் கொண்டு போகாதீர்கள். உயர்ந்த ரக வாட்டர் கலரில் பழக்கிவிட்டு வந்தால், அது தீர்ந்த அன்றோடு வகுப்பும் தீர்ந்தது. புனோம் பென்னின் ஒருசே சந்தையில் கிடைப்பதை வைத்து என்ன செய்ய முடியுமோ அதைச் செய்யுங்கள். வெண்டைக்காயையும் வாழைத்தண்டையும் குறுக்கே வெட்டி அச்சுப் பதிக்கலாம். பிள்ளைகள் பொறுக்கி வரும் அட்டைப் பெட்டியிலேயே நிழற்பொம்மை வெட்டலாம். மாட்டுத் தோலில் பெரிய உருவங்கள் செதுக்கி, ராமாயணக் கதையைத் திரைக்குப் பின்னால் நிகழ்த்தும் ஸ்பெக் தொம் அந்த மண்ணின் கலை. நம் தோல்பாவைக்கூத்துக்கு உறவுக்காரி.

எனக்கு அதிகம் கைகொடுத்தது சாக்பீஸும் சிமென்ட் தரையும். கெமர் மொழி எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. கோலத்துக்குப் பேச்சே தேவைப்படவில்லை. ஐந்து புள்ளி ஐந்து வரிசை வைத்து, கையெடுக்காமல் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக்கொண்டு போய், தொடங்கிய இடத்தில் கோட்டைச் சேர்த்தேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற ஒரு பெண், பத்து வயதிருக்கும், தம்பியை இறக்கிவிட்டு வந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டாள். கோட்டின் போக்கை ஒரே பார்வையில் பிடித்துவிட்டாள். முடித்துவிட்டு, நான் சும்மா விட்டிருந்த ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு தாமரை மொட்டு போட்டாள். அவள் கோயில் வாசலில் தாமரை விற்பவள். புத்தருக்கு வைக்கும் மொட்டின் வெளி இதழ்களை முக்கோணமாக உள்ளே மடித்து, அடியில் இருக்கும் வெளிர் நிறம் தெரியும்படி அடுக்குவார்கள். அவள் விரல்கள் அதைப் பார்க்காமலே செய்யும். மறுமுறை அவளைத்தான் நடுவில் உட்கார வைத்தோம். எல்லோருக்கும் காகிதத்தில் மடிக்கச் சொல்லிக் கொடுத்தாள், எனக்கும். என் விரல் பிசகியபோது அவளே பிரித்து மறுபடி மடித்துக் காட்டினாள். கைத்திறமை அந்தப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு ஒரு இடம் கொடுப்பதுதான் நாம் செய்யக்கூடிய பெரிய வேலை என்று நான் நம்புகிறேன்.

“உன் வீட்டை வரை, உன் குடும்பத்தை வரை” என்று சொல்லாதீர்கள். நம் பள்ளிகளில் சாதாரணமாகச் சொல்கிற தலைப்பு. அங்கே அது கத்தி. தலைப்பே இல்லாமல் விட்டால் முதலில் அங்கோர் வாட் கோபுரங்கள் மூன்று வரும், அவர்கள் கொடியில் இருப்பது போல. வரட்டும். பிறகு படகு, மோட்டார் பைக், நாய் என்று தானாகவே வேறு வரும். இது என்ன, இந்த ஆள் ஏன் அழுகிறான் என்று துருவக் கூடாது. “இங்கே பச்சையை அழுத்திப் போட்டிருக்கிறாய்” என்று கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னால் போதும், பிள்ளைக்கு விருப்பமிருந்தால் பேசும். அடி, காயம், பயப்படுத்தும் ஆள் என்று ஏதாவது வெளியே வந்தால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அமைதியாகக் கேட்டுவிட்டு அன்றைக்கே மையத்தின் சமூகப் பணியாளரிடம் சொல்லுங்கள். நாம் மனநல மருத்துவர் அல்ல.

படம் பிள்ளையுடையது. கிழித்துப் போட்டாலும், அம்மாவுக்குக் கொடுத்தாலும், ஆற்றில் விட்டாலும் அது அவர்கள் உரிமை. தெருவில் படுப்பவருக்குத் தாளை வைத்துக்கொள்ள இடமில்லை. மழைக்காலத்தில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஒவ்வொருவர் பெயரிலும் மையத்தில் ஒரு ஃபைல் வைத்தோம். வெகுநாள் காணாமல் போன பையன்கூடத் திரும்பி வந்ததும் முதலில் தன் ஃபைலைத்தான் கேட்பான். பிள்ளைகளின் முகத்தைப் போனில் படம் பிடித்துப் போடவே கூடாது. அன்பு மேலிட்டுத் தலையைத் தடவாதீர்கள், அங்கே தலையைத் தொடுவது மரியாதைக் குறைவு.

வகுப்பை முன்னின்று நடத்தியது நான் அல்ல, மையத்தில் வேலை பார்த்த ஒரு தம்பி. நான் அவன் பக்கத்தில் இருந்தேன். முந்தின நாளே அவனுக்குச் செய்து காட்டுவேன். மறுநாள் அவன் நடத்துவான், நான் பென்சில் சீவுவேன். பிள்ளைகள் சந்தேகத்தை அவனிடம் கேட்கப் பழகினார்கள். இந்த வழி பலன் தரும் என்பதற்குக் கம்போடியாவிலேயே அழகான சாட்சி உண்டு. தாய்லாந்து எல்லையில் சைட் 2 அகதி முகாமில், வெரோனிக் டெக்ரோப் என்ற பிரெஞ்சு ஆசிரியை பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக் கொடுத்தார். கெமர் ரூஜ் ஆட்சி கலைஞர்களைக் கொன்று குவித்த பிறகு வளர்ந்த தலைமுறை அது. நாடு திரும்பிய அவருடைய மாணவர்கள் ஒன்பது பேர் 1994-இல் பட்டம்பாங்கில் ஃபார் பொன்லு செல்பக் என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு ஓவியம், இசை, நாடகம், சர்க்கஸ் எல்லாம் அங்கே உண்டு. அதன் கலைஞர்கள் நடிக்கும் சர்க்கஸ் 2013 முதல் சியம் ரீப்பில் நடக்கிறது. போனால் கட்டாயம் பாருங்கள். டிக்கெட் பணம் பள்ளிக்கும் போய்ச் சேருகிறது.

எப்போது கிளம்புவீர்கள் என்பதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். சுவரில் காலண்டர் மாட்டி அந்தத் தேதியை வட்டமிடலாம். போகும்போது ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியாகப் பரிசு வேண்டாம், போன் நம்பர் வேண்டாம், திரும்பி வருவேன் என்ற வாக்கும் வேண்டாம். சில வாரங்கள்தான் முடியும் என்பவர்கள் பிள்ளைகள் பக்கம் போகாமல் மையத்தின் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு வரலாம். அதுவும் முடியாதவர்கள், விமானச் செலவுக்கு வைத்திருக்கும் பணத்தை அங்குள்ள ஓர் ஓவிய ஆசிரியரின் சம்பளத்துக்கு அனுப்பலாம். மனசுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும், ஆனால் வகுப்பு நிற்காது.

தேதி குறிக்கும்போது, நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வரும் அவர்கள் புத்தாண்டையும், செப்டம்பர், அக்டோபர் வாக்கில் முன்னோர்களுக்குச் சோறு படைக்கும் பசும் பென் நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். குடும்பங்கள் சொந்தக் கிராமத்துக்குப் போய்விடும். நீங்கள் போய்ச் சேரும்போது வகுப்பில் ஆள் இருக்காது.