ஈரத்தில் நிற்போர் காலணி

தென்பெண்ணையாறு கருநாடக மாநிலத்து நந்தி மலையில் தோன்றி, பெங்களூர் நகரின் கிழக்குப் புறமாக ஓடி, ஓசூருக்கு அருகே தமிழகத்தினுள் புகுகிறது. அங்கே கெலவரப்பள்ளி அணை அதனைத் தேக்குகிறது. அதற்குக் கீழே, காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கட்டப்பெற்ற கிருட்டிணகிரி அணை அமைந்துள்ளது. இவ்விரு அணைகளின் நாட்டில் ஈரத்தில் நின்று பிழைப்போர் மிகப் பலர். ஏரியிலும் அணைக்கரையிலும் வலை இழுப்போர், ரோசாத் தோட்டங்களுக்கு நீர் பாய்ச்சுவோர், மாட்டுத்தொழுவம் கழுவுவோர், மாங்கூழ்த் தொழிற்சாலைகளில் தரை கழுவுவோர், நீர் சொரியச் சொரியக் கருங்கல்லைப் பலகையாக அறுப்போர் ஆகிய இவர்கள் அனைவருக்கும் காலையிலிருந்து மாலைவரை கால் காய்வதில்லை.

கால் நனைந்தால் என்ன கேடு என்று நாம் எண்ணலாம். நெடுநேரம் நீரில் ஊறிய தோல் வெளுத்துச் சுருங்கி வலுவிழக்கிறது. விரலிடுக்குகளில் சேற்றுப்புண் உண்டாகிறது. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரில் வாழும் நுண்ணுயிர்கள், அப்புண்களின் வழியாகவும் ஊறிய தோலின் வழியாகவும் உடலினுட் சென்று எலிக்காய்ச்சலை விளைவிக்கின்றன. ஈரமண்ணில் உள்ள கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள், புண் இல்லாத தோலையும் துளைத்து நுழைய வல்லவை. இவற்றிற்கெல்லாம் மேலாக அஞ்சத்தக்கது பாம்பு. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் நம் நாட்டில் பாம்புக் கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் சிற்றூரினர். கடிகளுள் மிகுதியானவை காலில் நேர்வன. எனவே, உழைப்பாளிக்கு முழங்கால் அளவு உயர்ந்த ரப்பர் பூட்சு ஓர் ஆடம்பரம் ஆகாது.

இப்பூட்சின் வரலாறு சுவையானது. தென்னமெரிக்கப் பழங்குடியினர் ரப்பர் மரத்தின் பாலைக் காலிற் பூசி, அதனை உலரவைத்துக் காலணியாகக் கொண்டனர் என்பர். ஆனால், பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும். குளிரில் விறைத்து வெடிக்கும். 1839-இல் சார்லசு குட்இயர் என்ற அமெரிக்கர், ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் இவ்விரு குறைகளும் நீங்குவதைக் கண்டார். ரப்பரின் நீண்ட இழைகளைக் கந்தகம் ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது; ஆதலின் அது நீண்டாலும் பழைய வடிவிற்கு மீள்கிறது. 1853-இல் ஃகைராம் ஃகட்சின்சன் என்பவர் பிரான்சு நாட்டில் ரப்பர் பூட்சுத் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். மரக்கட்டைச் செருப்பணிந்து வயலில் உழைத்த அந்நாட்டு உழவர்கள், காயும் காலோடு வீடு திரும்பத் தொடங்கினர். அரசர் முதலியோர்க்கென்று தோன்றிய எத்தனையோ பொருள்களுக்கிடையே, உழவன் காலுக்கென்று ஒரு தொழிற்சாலை எழுந்தமை பாராட்டத்தக்கதன்றோ? இன்று நம் குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ரப்பர் மரங்கள் செழித்து வளர்கின்றன.

கடைக்குச் சென்றால் இருவகைப் பூட்சுகளைக் காணலாம். ஒன்று இயற்கை ரப்பரால் ஆனது, மற்றொன்று பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கால் வார்க்கப்பட்டது. பின்னதன் விலை பெரும்பாலும் குறைவு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். ரப்பர் நன்கு வளையும்; நடையில் காலை உறுத்தாது; குளிரிலும் மென்மை குன்றாது. ஆனால் எண்ணெயும் பெட்ரோலும் அதற்குப் பகை. எண்ணெய் பட்ட ரப்பர் ஊதி, மென்மையாகி, நாளடைவில் கிழியும். பி.வி.சி. எண்ணெயை ஓரளவு தாங்கும். எனினும், ஓயாது மடியும் இடத்தில் விரைவில் வெடிக்கும். நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் எண்ணெயை நன்கு தாங்கும். விலையும் அதற்கேற்ப மிகும். ஆகவே, ஏரிக்கரையில் வலை இழுப்பவர் ரப்பரையும், எந்திர எண்ணெய் சிந்தும் பட்டறைத் தரையைக் கழுவுபவர் பி.வி.சி.யையோ நைட்ரைலையோ தெரிந்தெடுப்பது அறிவுடைமை.

இங்கு ஒன்றை மறைக்காமற் கூறவேண்டும். பெங்களூரின் கழிவுநீரும் ஆலைக்கழிவும் கலந்து, கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெளியேறும் நீர் வெண்ணுரையாகப் பொங்கிச் செல்வதைப் பல ஆண்டுகளாகச் செய்தித்தாள்கள் எழுதி வருகின்றன. அத்தகைய நீரில் இறங்கி வேலை செய்வோர்க்கு முழங்கால்வரை உயர்ந்த பூட்சு தேவை. அது தோலைக் காக்கும், ஆற்றைக் காக்காது. ஆற்றைத் தூய்மை செய்யவேண்டிய கடமையைப் பூட்சு விற்பவன் தலையில் சுமத்தலாகாது.

இனி அடிப்பகுதியைக் காண்போம். பூட்சு வாங்குவோர் பலர் மேற்புறத்தைத் தடவிப் பார்த்து நின்றுவிடுகின்றனர். அடியைத் திருப்பிப் பார்ப்பதில்லை. சேற்றில் நடப்பவனுக்குப் பற்கள் ஆழமாகவும் இடைவெளி அகலமாகவும் இருத்தல் வேண்டும். அப்போதுதான் அப்பிய சேறு உதிரும். மாம்பழத் தோலும் கூழும் வழுக்கும் சிமெண்டுத் தரைக்கு அவ்வகை உதவாது. அங்கே தரையோடு மிகுதியாகப் படியும், நெருங்கிய மெல்லிய கோடுகளையுடைய அடியே வழுக்காது. பாசி படர்ந்த பாறையிலோ எந்த ரப்பரும் நம்பத்தக்கதன்று. கோலூன்றி நடப்பதே தக்கது. கருங்கல் அறுக்கும் இடத்தில் விரல்களின்மேல் இரும்புக் கவசம் பொருத்திய பூட்சே வேண்டும். உலகத் தரமுடைய கவசம், 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடியைத் தாங்குமாறு சோதிக்கப்படுவது. கருங்கற்பலகை அதனினும் பன்மடங்கு கனமானது என்பதைத் தொழிலாளர் மறத்தலாகாது.

அளவு பொருந்தாத பூட்சு எவ்வளவு உறுதியாயினும் பயனற்றது. நாள் முழுதும் நின்ற கால் மாலையில் சற்றே வீங்கியிருக்கும். ஆதலின் மாலையில், காலுறை அணிந்தவாறே அளவு பார்த்தல் நன்று. தளர்ந்த பூட்சைச் சேறு பற்றிக்கொள்ளும்; கால் மட்டும் வெளியே வரும், பூட்சு சேற்றிலேயே நின்றுவிடும்! இக்காரணத்தாலேயே நடவு வயலில் நம் உழவர் வெறுங்காலோடு இறங்குகின்றனர். அதனை அறியாமை என்று நகைப்பது தவறு. சப்பானியர் கணைக்காலை இறுகப் பற்றும் மெல்லிய ரப்பர்க் காலணிகளை வயலுக்கென்றே செய்கின்றனர். நம் கடைகளில் அவை எளிதிற் கிடைப்பதில்லை.

பரிசலில் சென்று ஆழ்நீரில் மீன் பிடிப்போர்க்கு முழங்கால் பூட்சு ஆகாது. கவிழ்ந்தால் அதனுள் நீர் நிறையும். நீருக்குள் இருக்கும்வரை அந்நீரின் எடை தோன்றாது. ஆயினும் காலை உதைத்து நீந்த இயலாது. கரையேறக் காலைத் தூக்கும்போதோ உள்ளிருக்கும் நீரின் எடை முழுவதும் கீழே இழுக்கும். பூட்சு கரைக்கு உரியது. பரிசலுக்கு உரியது மிதவைச் சட்டை. மருந்து தெளிப்போர் காற்சட்டையைப் பூட்சினுள் செருகாது, வெளியே தொங்கவிட வேண்டும். செருகினால் துணியில் வழியும் மருந்து நேரே பாதத்தில் சென்று தேங்கும்.

வாங்கும்போது செய்யத்தக்க சோதனைகள் எளியவை. மடியும் இடத்தை நன்றாக வளைத்துப் பாருங்கள். மயிரிழை போன்ற வெடிப்புத் தென்பட்டால் அது பழைய சரக்கு. மேலே வெண்பொடி படிந்திருப்பது மட்டும் குறையாகாது; ரப்பரைக் காக்கச் சேர்த்த மெழுகு வெளியே கசிந்து அவ்வாறு தோன்றுவதுண்டு. அடியும் மேற்பாகமும் கூடும் இடத்தைக் கட்டைவிரலால் பிரித்துப் பாருங்கள். தர முத்திரையையும் நோக்குங்கள். ரப்பர் பூட்சுக்கு இந்தியத் தர எண் 5557, பி.வி.சி. பூட்சுக்கு 12254. வீட்டிற்குக் கொண்டுவந்ததும், வாய்ப்புறம் மேலே இருக்குமாறு தொட்டி நீரில் அமுக்கினால், உட்புறம் ஈரமாகிறதா என்பது தெரியும்.

விலை குறைந்த ஒன்றை ஆண்டிற்கு இருமுறை வாங்குவதினும், நல்ல ஒன்றை வாங்கிப் பேணுவது சிக்கனம். ஆனால் அன்றாடக் கூலி பெறுபவரிடம் அந்த முதல் தொகை கையில் இருப்பதில்லை. குறைந்த விலைப் பொருளை அவர் வாங்குவது அறியாமையால் அன்று. தொழிற்சாலையில் உழைப்பவருக்கு உரிமையாளரே வாங்கித் தருதல் முறை. தம் நிலத்தில் உழைப்பவரும் கரையில் வலை இழுப்பவரும் தாமே வாங்கவேண்டியவராக உள்ளனர்.

வேலை முடிந்ததும் பூட்சை நல்ல நீரில் கழுவி, உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலும் அடுப்பனலும் ரப்பரின் ஆயுளைக் குறைக்கும். மண்ணெண்ணெய் தோய்த்துத் துடைப்பது அதனினும் கேடு. காலையில் அணியுமுன் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுதல் இன்றியமையாதது. தேளும் பூரானும் இருண்ட இடத்தை விரும்புவன. முள் குத்தித் துளை விழுந்தால் உடனே எறிந்துவிட வேண்டுவதில்லை. ரப்பர் பூட்சாயின், மிதிவண்டிக் கடைக்காரர் துளையைச் சுற்றி அரத்தால் தேய்த்து, சொல்யூசன் தடவி, டியூபுக்கு ஒட்டுவதுபோலவே ஒட்டுப் போட்டுத் தருவார். பி.வி.சி.யில் அவ்வொட்டு நெடுநாள் நில்லாது.